கேட்டுக் கேட்டு வாழ்ந்த வீடு

பல்லக்கா இரண்டு வாரம் இருந்துவிட்டுப் போகலாம் என்றுதான் அந்த வீட்டுக்கு வந்தாள். அந்த இரண்டு வாரம் இன்னும் முடியவில்லை. நடுவில் பத்தொன்பது வருடம் ஓடிவிட்டது.

அவளுக்கு இப்போது நாற்பத்தாறு வயது. பல் மருத்துவர்களுக்குப் பொய்ப்பல் செட் செய்து கொடுப்பது தொழில். வாய் அச்சு ஈரத்துணியில் சுற்றி வரும். அதில் பிளாஸ்டர் ஊற்றி, காய்ந்ததும் பிரித்து, ரோஸ் நிற மெழுகில் ஈறு கட்டி, ஸ்பிரிட் விளக்கில் கத்தியைச் சூடாக்கிச் சூடாக்கி ஒவ்வொரு பல்லாக நடுவாள். தெருவில் வயதானவர்களில் பாதிப்பேர் அவள் செய்த பல்லால்தான் சிரித்தார்கள். மீதிப்பேர் அவளைப் பார்க்கும்போதெல்லாம் வாயை இறுக்கி மூடிக்கொண்டு போனார்கள்.

வேலை நடக்கும் அறை வீட்டின் வடக்கு மூலையில் இருந்தது. பெரிய ஜன்னல். பல்லின் நிறத்தை மின்விளக்கில் பார்க்கக் கூடாது. விளக்கு முகஸ்துதி செய்யும், பழுப்பை வெள்ளை என்று சொல்லும். நேர் வெயிலும் ஆகாது; அது எல்லாவற்றையும் மிரட்டி ஒரே நிறமாக்கிவிடும். வடக்கு வெளிச்சம் மட்டும்தான் உள்ளதை உள்ளபடி சொல்லும். அதனால் காலை ஒன்பதிலிருந்து நான்கு வரை அவள் அந்த ஜன்னலை விட்டு நகரமாட்டாள். பல் நிற அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, யாரோ ஒருவருடைய கடைவாய்ப் பல்லுக்கு எந்த மஞ்சள் பொருந்தும் என்று ஓவியக்காரி மாதிரி கண்ணைச் சுருக்கிக்கொண்டிருப்பாள்.

வீடு அவளுடையது இல்லை. அவளுக்குக் கல்யாணம் நிச்சயமான மாதம் அப்பா அதை அண்ணன் பேருக்கு எழுதிவைத்தார். பெண் வேறு வீட்டுக்குத்தானே போகிறாள் என்று அவருக்கு நினைப்பு. அவளும் போனாள். மூன்று வருடத்தில் அந்த வேறு வீட்டிலிருந்து கணவர் இன்னொரு வேறு வீட்டுக்குப் போய்விட்டார். பல்லக்கா ஒரு பெட்டியும் பாலிஷ் மோட்டாருமாகத் திரும்பி வந்து, வாசலில் நின்றபடியே, "ரெண்டே வாரம்" என்றாள். பிறகு அப்பா போனார், அம்மா போனாள். துறைமுகத்தில் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்த அண்ணன் தூரத்து நகரத்திலேயே இருந்துவிட்டார்.

அண்ணன் தங்கமான மனிதர். அதுதான் பிரச்சினை என்று பின்னால் தெரியவந்தது.

பல்லக்கா எதைச் செய்வதாக இருந்தாலும் அவருக்குப் போன் போடுவாள். "அண்ணே, சுவத்துல ஒரு ஆணி அடிச்சுக்கட்டுமா?" "அடிச்சுக்கோ பாப்பா." "எலுமிச்சை மரம் ஜன்னலை மறைக்குது, ஒரு கிளையை வெட்டிக்கட்டுமா?" "வெட்டிக்கோ பாப்பா, இதெல்லாம் ஒரு கேள்வியா?" ஒரு முறை, "ஒரு பூனை வந்து நிக்குது, வெச்சுக்கட்டுமா?" என்று கேட்டாள். "என்ன கலர்?" என்று மட்டும் அண்ணன் விசாரித்தார். எல்லாப் பேச்சும் ஒரே மாதிரி முடியும்: "நீ இரு பாப்பா. உன்னை யார் போகச் சொன்னா?"

ஒரு திங்கட்கிழமை காலை அண்ணனே போன் செய்தார்.

"பாப்பா, ஞாயித்துக்கிழமை நானும் உன் அண்ணியும் வர்றோம். வீட்டைப் பத்திக் கொஞ்சம் பேசணும்."

"என்ன பேசணும்ணே?"

"நேர்ல பேசிக்கலாம். நீ ஒண்ணும் மனசுல வெச்சுக்காதே."

மனசில் வைத்துக்கொள்ளாதே என்று சொன்னால் அது நேராக மனசுக்குத்தான் போகும். போனை வைத்துவிட்டு மெழுகுக்குத் திரும்பியவள், வலப்பக்கக் கடைவாய்ப் பல்லை இடப்பக்கம் நட்டாள். இருபது வருடத் தொழிலில் அது நடந்ததில்லை. பல்லைப் பிடுங்கி, விளக்கை ஊதி அணைத்துவிட்டு, முக்கால் வக்கீலின் கடைக்குப் போனாள்.

முக்கால் வக்கீல் தெருமுனையில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தார். சட்டப் படிப்பில் நான்கில் மூன்று பங்கு தாள்களை எழுதித் தேறியவர். மீதிக் கால் பங்கு கடைசிவரை அவருக்குப் பிடிபடவில்லை. ஆனால் கைவசம் இருந்த முக்காலை அவர் வீணாக்கவில்லை. நகல் எடுக்க வரும் எந்தப் பத்திரத்தையும் படித்துப் பார்க்காமல் திருப்பித் தரமாட்டார்.

"எத்தனை வருஷமா இருக்கீங்க அக்கா?"

"பத்தொன்பது."

"வரி யார் கட்டறது?"

"நான்தான்."

"குழாய், சுவர்ப் பூச்சு, வெள்ளையடிப்பு?"

"எல்லாம் நான்தான் தம்பி."

முக்கால் வக்கீலின் முகம் விடிந்தது. மெஷினை நிறுத்திவிட்டு முன்னால் சாய்ந்தார். "அப்ப வீடு உங்களுது! அடுத்தவர் பேர்ல இருக்கிற வீட்டுல பன்னிரண்டு வருஷம் பகிரங்கமா, தொடர்ச்சியா, சொந்தக்காரரோட விருப்பத்துக்கு எதிரா இருந்துட்டா அப்புறம் அவரால உங்களை அசைக்க முடியாது. உங்களுக்குப் பத்தொன்பது! ஏழு வருஷம் போனஸ்!"

"விருப்பத்துக்கு எதிராவா?"

"ஆமா. அவர் போன்னு சொல்லியிருக்கணும். நீங்க போகமாட்டேன்னு நின்னிருக்கணும். இல்லேன்னா அவரை ஒரு வார்த்தை கேக்காம, இது என் வீடுன்னு நடந்திருக்கணும். சண்டை போட்டிருக்கீங்கள்ல?"

பல்லக்கா யோசித்தாள். "அண்ணியோட அம்மாவுக்குக் கீழ்ப் பல் செட்டு கொஞ்சம் பெருசா பண்ணிட்டேன். அதுல அண்ணி ஒரு மாசம் பேசல."

"வீட்டு விஷயத்துல அக்கா!"

"வீட்டு விஷயத்துல எதுக்குச் சண்டை? எல்லாத்தையும் கேட்டுட்டுத்தானே செய்வேன்."

"எல்லாத்தையுமா?"

"ஆணி அடிக்கறதுக்குக்கூட."

முக்கால் வக்கீலின் முகம் அஸ்தமித்தது. "ஆணிக்குக்கூடவா?" என்று மெல்லக் கேட்டார். "அக்கா, ஒருத்தர் அனுமதி கொடுத்து இன்னொருத்தர் இருந்தா, நூறு வருஷம் இருந்தாலும் விருந்தாளிதான். நீங்க ஒவ்வொரு ஆணியையும் உங்க உரிமை மேலயே அடிச்சிருக்கீங்க."

அவர் சொன்னபடி பழைய கடிதங்களையும் பிறந்தநாள் அட்டைகளையும் ஒரு பையில் அள்ளிக்கொண்டு மறுநாள் வந்தாள். எங்காவது ஒரு கடுஞ்சொல் கிடைக்காதா என்று முக்கால் வக்கீல் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தார். ஒவ்வொன்றையும் வாய்விட்டுப் படித்தார். "'சந்தோஷமா இரு பாப்பா.' ஐயோ. 'வீட்டை நல்லாப் பார்த்துக்கறே, உனக்கு ரொம்ப நன்றி.' ஐயையோ. இதைப் பாருங்க, 'என் வீடும் உன் வீடுதான்.'"

"அது நல்லதுதானே?"

"எங்க நல்லது? முதல்ல 'என் வீடு'ன்னு சொல்லிட்டார். அப்புறம் அனுமதி கொடுத்துட்டார். ஒரே வரியில ரெண்டு குத்து. அன்பா இருந்தே உங்களைக் கவுத்துட்டார் மனுஷன்."

பல்லக்கா கடிதங்களைத் திரும்ப அடுக்கினாள். அவற்றைப் படித்து எத்தனையோ முறை கண் கலங்கியிருக்கிறாள். இன்றைக்கு அவை அத்தனையும் வாடகை வாங்காத வீட்டுக்காரர் எழுதிய சீட்டுகளாகத் தெரிந்தன.

"அவர் வீட்டை வித்துட்டா நான் எங்க தம்பி போவேன்? எந்த வீட்டுல வடக்கு ஜன்னலோட ரூம் குடுப்பாங்க? பிளாஸ்டர் தூசின்னு கேட்டாலே கதவைச் சாத்திடுவாங்க."

"ஞாயித்துக்கிழமைக்கு இன்னும் அஞ்சு நாள் இருக்கு. அதுக்குள்ள ஒரு பகையை உண்டாக்குவோம். பேச்சுவார்த்தைக்கு உக்காரும்போது நம்ம பக்கம் கொஞ்சம் காரம் இருக்கணும்."

அவரே ஒரு தாளில் வசனம் எழுதிக் கொடுத்தார். பல்லக்கா கடையிலிருந்தே போன் போட்டு, தாளைப் பார்த்துப் படித்தாள். "அண்ணே. இந்த வீட்டில் நான் உன் அனுமதி இல்லாமல் இருக்கிறேன்."

"என்ன பாப்பா, காய்ச்சலா?"

"இல்லண்ணே. உனக்கு எதிரா இருக்கேன்."

"இருந்துக்கோ பாப்பா. தாராளமா இரு."

முக்கால் வக்கீல் கையால் கழுத்தை அறுப்பது போல் சைகை காட்டினார். அவள் போனை வைத்துவிட்டாள்.

அடுத்த உபாயம் பூட்டு. வாசல் பூட்டை மாற்றினால் அதைவிடப் பகிரங்கமான எதிர்ப்பு வேறில்லை. புதன்கிழமை பல்லக்கா கனமான புதுப் பூட்டு வாங்கி, ஆளை வைத்து மாட்டினாள். போனில் கேட்காமல் அந்த வீட்டில் அவள் செய்த முதல் காரியம். மத்தியானம் முழுக்க அந்தப் பூட்டைத் திறந்து மூடி, திறந்து மூடி, வேலையே ஓடவில்லை. வியாழக்கிழமை காலையில் கண் விழித்ததும் வேறு யோசனை வந்தது. ஞாயிற்றுக்கிழமை தான் டாக்டர் வீட்டுக்கு அவசரமாகப் போகவேண்டி வந்து, அந்த நேரம் பார்த்து அண்ணன் வந்து வாசலில் நின்றால்? அவருக்கு முழங்கால் வேறு சரியில்லை. உடனே மாற்றுச் சாவியைக் காகிதத்தில் மடித்து, "புதுப் பூட்டு. இடது பக்கம் திருப்பணும்" என்று எழுதி, கூரியரில் அண்ணனுக்கு அனுப்பிவிட்டு, அதை முக்கால் வக்கீலிடம் போய்ச் சொல்லவும் சொன்னாள்.

அவர் ஜெராக்ஸ் மெஷினின் கண்ணாடி மேல் நெற்றியை வைத்துக் கொஞ்ச நேரம் படுத்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் அந்தச் சாவியால் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தார். "நல்ல பூட்டு பாப்பா, வழுக்கிக்கிட்டுத் திறக்குது" என்று பாராட்டினார். வாசற்படி ஒவ்வொன்றிலும் ஒரு நிமிடம் நின்றுதான் ஏறியிருந்தார். பின்னால் அண்ணி. பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். பையைக் கீழே வைப்பதற்கு முன்பே கூடத்தை நீளவாக்கில் ஒரு தடவையும் குறுக்கே ஒரு தடவையும் நடந்து, உதட்டுக்குள் ஏதோ எண்ணினாள். விற்பதற்குத்தான் அளக்கிறாள் என்று பல்லக்கா நினைத்தாள்.

சாப்பிட்டு முடித்து, வேலை அறையில் மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். அண்ணன் ஸ்டூலில் இருந்த ஒரு பிளாஸ்டர் தாடையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு பேச ஆரம்பித்தார்.

"எங்க குடியிருப்புல லிஃப்ட் நின்னு அஞ்சு மாசம் ஆச்சு. ஒன்பதாவது மாடி. முப்பது வருஷம் வானத்துலயே உக்காந்து கிரேன் ஓட்டினேன், இப்ப கீழ இறங்கணும்னா பயமா இருக்கு. அதான் இங்கயே வந்துடலாம்னு..."

"விக்கலையா?"

"விக்கறதா? யார் சொன்னா?"

பல்லக்காவின் மூச்சு திரும்பி வந்தது. ஆனால் அண்ணி எழுந்துபோய் வடக்கு ஜன்னலைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்த ரூம்தான் நல்லா இருக்கு. குளுகுளுன்னு, வெளிச்சமா. கட்டிலை இப்படிப் போடலாம். உன் பல்லையெல்லாம் பின் ரூமுக்கு மாத்திக்கோ பாப்பா."

"நீ எங்கயும் போகவேணாம்" என்றார் அண்ணன். "நீ பாட்டுக்குப் பின்னால இரு. உன்னை யார் போகச் சொன்னா?"

பின் அறைக்கு ஒரே ஜன்னல். தட்டு அகலம் இருக்கும். திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர், அதுவும் பச்சைச் சுவர். அந்த வெளிச்சத்தில் நிறம் பார்த்துச் செய்தால் ஊரே பாசி பிடித்த பல்லோடு சிரிக்கும்.

'அண்ணே, நான் இந்த ரூம்லயே இருந்துக்கட்டுமா?' என்ற வாக்கியம் அவள் நாக்கு நுனி வரை வந்து நின்றது. அண்ணனிடம் பத்தொன்பது வருடமாக அவள் பேசிய எல்லா வாக்கியங்களும் அப்படித்தான் முடிந்திருந்தன. இதையும் கேட்டால் அவர் 'இருந்துக்கோ' என்றுதான் சொல்லுவார். அண்ணி முணுமுணுப்பாள், அண்ணன் அடக்குவார், அவள் நன்றியோடு இருப்பாள். அடுத்த மாதம் ஜன்னலுக்குத் திரை போட இன்னொரு கேள்வி.

"முடியாது" என்றாள்.

சொன்ன பிறகு தன் குரல்தானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது.

"என்ன முடியாது?" என்றார் அண்ணன்.

"இந்த ரூமை விடமாட்டேன். பின்னால போகமாட்டேன். இது என் ரூம்."

"பாப்பா, நான் என்ன உன்னைத் தெருவுலயா விடறேன்? இருன்னுதானே சொல்றேன்?"

"அந்த 'இரு'தான் வேணாம்! இரு, இருன்னு சொல்லியே பத்தொன்பது வருஷமா என்னை விருந்தாளியா வெச்சிருக்கே. குழாய் நான் மாத்தினேன், சுவர் நான் பூசினேன். ஒரு பூனையை வெச்சுக்க உன்னைக் கேக்கறேன். இந்த வயசுல!"

"உன்னை யாரு கேக்கச் சொன்னா?"

"கேக்காம செஞ்சா என்ன சொல்லியிருப்பே?"

"என்ன சொல்லுவேன்? இது என் வீடு, என்னை ஒரு வார்த்தை கேக்கலையேன்னு..." அண்ணன் சட்டென்று நிறுத்தினார். முகம் சிவந்துவிட்டது. "ஆமா! என் வீடுதான்! அப்பா எனக்குத்தான் எழுதினார்! நான் என்ன பண்ணட்டும்?"

அந்த வீட்டில் அவர் குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை. பூனை மேசையிலிருந்து குதித்து வெளியே ஓடியது. அதே சமயம் ஜன்னலுக்கு வெளியே, எலுமிச்சை மரத்துப் பக்கமாக, ஒரு தலை எழும்பியது. முக்கால் வக்கீல். கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டு மணி பத்து நிமிஷம். குறிச்சுக்கோங்க அக்கா. பகை தொடங்கியாச்சு."

"யாருய்யா நீ?" என்றார் அண்ணன்.

"வக்கீல்."

"முக்கால்" என்றாள் பல்லக்கா. பொய் சொல்லிப் பழக்கம் இல்லை.

ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டே முக்கால் வக்கீல் சட்டத்தை விளக்கினார். இந்த நிமிடத்திலிருந்து பன்னிரண்டு வருடம் இருவரும் இதே மாதிரி கத்திக்கொண்டு, தங்கை இதே மாதிரி விடாப்பிடியாக நின்றால், வீடு தங்கையுடையது. நடுவில் ஒரு தடவை அண்ணன் 'சரி, இருந்துக்கோ' என்று சொல்லிவிட்டாலும் போச்சு, மறுபடி முதலிலிருந்து.

அண்ணன் விரல் விட்டுக் கணக்குப் பார்த்தார். "அப்ப எனக்கு எழுபத்து மூணு."

"பன்னிரண்டு வருஷமா?" அண்ணி சிரித்தேவிட்டாள். "இவரால பன்னிரண்டு நிமிஷம் கோபமா இருக்க முடியாதுங்க. என்னைக் கேளுங்க."

"ஏன் முடியாது? இருந்து காட்டறேன்" என்று அண்ணன் எழுந்தார். எழுந்தவருக்கு முழங்கால் பிடித்துக்கொண்டது. பல்லக்கா ஓடிப்போய்த் தோள் கொடுத்தாள்.

"விடு, நான் கோபமா இருக்கேன்."

"கோபமாவே இரு. கையை மட்டும் பிடிச்சுக்கோ."

அவர் பிடித்துக்கொண்டார். இருவரும் அப்படியே கொஞ்சம் தள்ளாடி நின்றார்கள்.

"ஒண்ணு கேக்கறேன்" என்றார் அண்ணன், மூச்சு வாங்கிக்கொண்டே. "ஆணிக்குக் கேட்டே. கிளைக்குக் கேட்டே. பூனைக்குக் கேட்டே. வீட்டுல ஒரு பங்கு வேணும்னு ஒரு தடவை கேட்டியா?"

பல்லக்கா அவர் கையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"நீ ரெண்டு வாரம்னு சொல்லிட்டு வந்தவ. என்னைக்காவது ஒரு நல்ல இடத்துக்குக் கிளம்பிடுவேன்னு நான் நினைச்சுக்கிட்டே இருந்தேன். எழுதித் தர்றேன்னு நானா சொன்னா, 'இவளுக்கு இனிமே வேற வாழ்க்கை இல்லேன்னு முடிவு பண்ணிட்டான்'னு நீ நினைப்பியோன்னு..."

"பத்தொன்பது வருஷமாவாண்ணே?"

"எனக்கு அதெல்லாம் சட்டுனு பேச வராது பாப்பா."

வடக்கு வெளிச்சம் அவர் முகத்தில் விழுந்திருந்தது. அதில் அவர் வயசு எவ்வளவோ அவ்வளவு தெரிந்தது. பல்லக்கா அவரைத் திரும்ப ஸ்டூலில் உட்காரவைத்தாள். அவர் எழுந்தபோது மடியிலிருந்து கீழே உருண்டிருந்த தாடையை எடுத்து மேசையில் வைத்தாள்.

"இப்பவும் நான் கேக்கலை" என்றாள். "சொல்றேன். பாதி எனக்கு."

அண்ணன் வாயைத் திறந்தார்.

"'எடுத்துக்கோ'ன்னு சொல்லாதே!" என்றாள் அவள்.

அண்ணன் வாயை மூடிக்கொண்டு அண்ணியைப் பார்த்தார். முக்கால் வக்கீல் அண்ணனைப் பார்த்தார். எதிர்த்துப் பேச எல்லோரும் அண்ணியைத்தான் நம்பியிருக்கிறார்கள் என்பது அண்ணிக்கும் தெரிந்துபோனது. இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"பாதி சரி. ஆனா எந்தப் பாதி? நீளம் இருபத்திரெண்டு அடி எடுத்து வெச்சேன். சும்மா கிழக்கு மேற்கா வெட்டினா சமையல்கட்டு யாருக்கு?"

"சமையல்கட்டு எனக்கு வேணாம்" என்றாள் பல்லக்கா. "ஜன்னல்தான் வேணும்."

"அப்ப தெருப்பக்கத்து ரூம் எங்களுக்கு. காலை வெயில் வேணும் இவர் காலுக்கு."

"தெருப்பக்கத்துல என் பிளாஸ்டர் மூட்டை இருக்கு."

"நகர்த்து!"

"நகர்த்தமாட்டேன்!"

"இது நல்லா இருக்கு" என்று அண்ணன் மெதுவாகச் சொன்னார். யாரும் கவனிக்கவில்லை. முக்கால் வக்கீல் அதற்குள் வாசல் வழியாகச் சுற்றி வந்து, ஒரு தாளை மேசையில் விரித்து எழுத உட்கார்ந்திருந்தார். முதல் தாளை அண்ணி கிழித்தாள். இரண்டாவதைப் பல்லக்கா கிழித்தாள். மூன்றாவதில் பிளாஸ்டர் கொட்டிவிட்டது. நான்காவது தாள் தேறியது. அடுத்த மாதம் பதிவு அலுவலகத்தில் ஒரு முழு வக்கீல் அதைப் பார்த்து, இரண்டே இடத்தில் திருத்தி, பத்திரமாக்கிக் கொடுத்தார். முக்கால் வக்கீல் அந்த இரண்டு இடங்களையும் பற்றி இன்றுவரை வாதாடிக்கொண்டிருக்கிறார்.

அண்ணனும் அண்ணியும் குடிவந்து மூன்றாவது வாரம் பெருமழை பிடித்தது. பல்லக்கா ஒரு மேல்வரிசையை முடிக்கும் தறுவாயில் இருந்தாள். கூடத்திலிருந்து அண்ணன் கூப்பிட்டார்.

"பாப்பா! ஓடு விலகி ஒழுகுது!"

"எந்தப் பாதில?" அவள் தலையை நிமிர்த்தவில்லை.

 நாற்காலி இழுபடும் ஓசை கேட்டது. "நடுக்கோட்டு மேல விழுது" என்றார் அண்ணன், கொஞ்சம் குற்ற உணர்வோடு.

"அப்ப நீயே ஏறிச் சரி பண்ணு. ஏணி உன் பக்கம்தான் இருக்கு."

"ஏணி என் பக்கம் இருக்கு. ஏறுற முழங்கால் உன் பக்கம் இருக்கு."

"மெழுகு இறுகறதுக்குள்ள என்னால எந்திரிக்க முடியாது."

"அதுக்குள்ள உன் பாதியும் நனைஞ்சுடும்!"

பல்லக்கா கத்தியை வைத்துவிட்டு வந்தாள். யார் ஏறுவது, விலகிய ஓடு யாருடையது, போன வாரம் கூரை மேல் நடந்தது யாருடைய பூனை என்று மழைச் சத்தத்துக்கு மேல் இருவரும் குரல் உயர்த்தினார்கள். அவள் ஒரு முறைகூட எதையும் கேட்கவில்லை. எல்லாவற்றையும் அடித்துச் சொன்னாள். அண்ணன் ஒரு முறைகூட விட்டுக்கொடுக்கவில்லை. கீழே வைத்த வாளி நிரம்பிக்கொண்டிருந்தது.

அதற்குள் அண்ணி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏணியில் ஏறியிருந்தாள். அண்ணன் சண்டையை நிறுத்தாமலே, துறைமுகப் பழக்கத்தில், வலது கையால் அவளுக்குச் சைகை காட்டினார்: இடப்பக்கம், இன்னும் இடப்பக்கம், நிறுத்து, இறக்கு.

"கத்தினது போதும்!" மேலேயிருந்து அண்ணியின் குரல் விசில் மாதிரி வந்தது. "ஒரு நல்ல ஓடு எடுத்துக் குடுங்க, யாராச்சும் ஒருத்தர்!"

வீட்டுக்காரர்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.